புழு இறங்காத சுவர்

வலம்புரி நகரில் காலையில் எழுந்ததும் யாரும் மழை வருமா என்று கேட்பதில்லை. தூத்துக்குடிக் கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி, முப்பது மீட்டர் ஆழத்தில், கண்ணாடிக் குமிழிக்குள் இருக்கும் ஊர் அது. மேலே மழை கொட்டினாலும் அங்கே தெரியாது. வாயில் பிரஷ்ஷோடு ஜன்னலைத் திறந்து எதிர்வீட்டில் அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"புழு இறங்கிட்டா?"

"இன்னும் இல்ல."

நாற்பத்துநான்கு நாளாக இதே கேள்வி, இதே பதில்.

விஷயம் இதுதான். வாடைக்காற்று தொடங்கினால் கடலடி நீரோட்டம் குமிழியின் அடி மணலை அரித்துவிடும். அதைத் தடுக்கக் குமிழியைச் சுற்றி ஒரு கான்கிரீட் சுவர் எழுப்பியிருந்தார்கள். வெறும் கான்கிரீட் இரண்டு வருடம் தாங்காது. அதன்மேல் மணற்கூட்டுப் புழுக்கள் குடியேற வேண்டும். விரல் நீளமே உள்ள இந்தப் புழு, மிதந்து வரும் மணலை ஒவ்வொன்றாகப் பிடித்து, தன் உடலில் ஊறும் பசையால் ஒட்டி, தன்னைச் சுற்றிக் குழாய்போல ஒரு கூடு கட்டிக்கொள்ளும். லட்சம் புழு பக்கத்தில் பக்கத்தில் கட்டினால் அது பாறை. உடைந்தால் தானே பூசிக்கொள்ளும் பாறை.

கூடு கட்டிய புழு பிறகு எங்கும் போகாது. அது ஊர் சுற்றுவதெல்லாம் குழந்தைப் பருவத்தில்தான். முட்டையிலிருந்து வெளிவரும் தூசியளவு இளவுயிரி சில வாரம் நீரில் மிதக்கும். பிறகு கீழே இறங்கி இடத்தைத் தொட்டுப் பார்க்கும். பிடித்தால் உட்காரும், பிடிக்காவிட்டால் மறுபடி மேலே போய்விடும். உயிரியலாளர் டாக்டர் ஜெசிந்தா அப்படி ஐந்து கோடி இளவுயிரிகளைத் தொட்டியில் வளர்த்து, சுவருக்கும் ஒரு மெல்லிய வலைக்கும் நடுவில் விட்டிருந்தாள். ஐந்து கோடியும் சுவரைத் தொட்டுப் பார்த்தன. ஒன்றுகூட உட்காரவில்லை. இன்னும் ஒன்பது நாளுக்குமேல் அவற்றுக்குத் தெம்பு இருக்காது.

அரசாணை இரண்டு நிபந்தனை போட்டிருந்தது. வாடைக்கு முன் சுவரில் புழு பிடித்திருக்க வேண்டும்; ஊரில் நூறு குடும்பமாவது இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஊரை மூடி எல்லாரையும் கரையேற்றிவிடுவார்கள். முந்நூறு வீட்டில் இருந்ததோ நாற்பது குடும்பம். சனிக்கிழமைதோறும் நீர்மூழ்கிப் பேருந்தில் இருபது குடும்பம் வந்து பார்க்கும். "அருமையா இருக்கு, வீட்ல பேசிட்டுச் சொல்லுதோம்" என்று போகும். அவ்வளவுதான்.

ஜெசிந்தாவுக்குக் கரையில் வீடில்லை. வீடு இருந்த தெருவையே கடல் எடுத்துக்கொண்டு எட்டு வருடமாகிறது.

"சுவர்ல என்ன குறைன்னு சொல்லுங்க டாக்டர்," என்றார் நகர ஆணையர் தளவாய். "ஒரு நாளைக்கு மூணு தடவை துலக்கி விட்டுச் சுரண்டுறோம். முகம் பாக்கலாம்."

துலக்கி என்பது துப்புரவு எந்திரன். ஆமையளவு இருக்கும். ஊருக்குள்ளும் வெளியிலும் அறுநூறு துலக்கிகள் ஓயாமல் தேய்த்துக்கொண்டிருந்தன. பார்க்க வருகிறவர்களுக்கு எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பது ஆணையரின் கொள்கை.

அன்று முற்பகல், முக்குளிப்பவர் சூசை மிக்கேல் தலைக்கவசத்தைக் கழற்றியபடி ஆய்வகத்துக்குள் வந்தார்.

"டாக்டரம்மா, ஒரு கூத்தைக் கேட்டியளா? ஒங்க பிள்ளையள்ள கொஞ்சம் வலையில நழுவி வெளிய போயிருக்கு. அங்க ஒரு பழைய நங்கூரம் கெடக்குல்லா? அதுல கடுகு கடுகா கூடு கட்டியிருக்கு. சவத்து மூதிய, கண்ணாடி மாதிரி சுவர் இருக்க, துருப்பிடிச்ச இரும்புதான் கேக்கு!"

"அண்ணே, அந்த நங்கூரத்துல ஒரு துண்டு வெட்டிட்டு வர முடியுமா?"

வந்த துண்டை ஜெசிந்தா நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். புதுக் கூடுகளுக்கு அடியில் பழைய கூடுகள். எப்போதோ வாழ்ந்து செத்த புழுக்கள் விட்டுப்போனவை. உள்ளே எதுவும் இல்லை. ஆனால் பசை மட்டும் மணலில் ஒட்டியிருந்தது. இறங்கி வரும் குஞ்சு தொட்டுத் தேடுவது அந்தப் பசையைத்தான். சுவரில் அது துளியும் கிடையாது. அப்படியே ஏதாவது ஒட்டினாலும் துலக்கிகள் விடவில்லை.

அவள் நேரே ஆணையரிடம் போனாள். "சார், எல்லாத் துலக்கியையும் நிறுத்துங்க. ஒண்ணு விடாம. சுவரை நாம அழுக்காக்கணும்."

"சனிக்கிழமை ஆள் வருதே!"

"சுவர் இல்லேன்னா எந்தச் சனிக்கிழமையும் கிடையாது."

நாற்பது குடும்பமும் வேலையில் இறங்கியது. சூசை மிக்கேலின் ஆட்கள் தொலைவிலிருந்த கடலடிப் பாறைத்திட்டு ஒன்றிலிருந்து செத்த கூடுகளை மூட்டை மூட்டையாக அள்ளி வந்தார்கள். கேன்டீன் கிரைண்டரில் அவை மாவாயின. ஆணும் பெண்ணுமாக நீருடை மாட்டிக்கொண்டு வெளியே போய், அந்த மாவைச் சுவரில் கையால் அப்பினார்கள். கை தோலுரிந்தது. "மூணு நாளா என் இட்லியில கடல் வாசம்" என்று கேன்டீன்காரர் புலம்பினார்.

நான்காம் நாள் ஆறு கூடு. ஐந்தாம் நாள் எண்ண முடியவில்லை. ஆறாம் நாள் வெள்ளிக்கிழமை, சுவர் முழுக்கப் பழுப்பு நிறத்தில் சொரசொரவென்று உயிர் பிடித்திருந்தது. சூசை மிக்கேல் கண்ணாடிக்கு வெளியே நின்றபடி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். ஜெசிந்தா தரையில் உட்கார்ந்து அழுதாள்.

காரணம் கேட்ட ஆணையர் விழுந்து விழுந்து சிரித்தார். "செத்தவன் வீட்டைப் பாத்தா குடிவருது? உள்ள ஆள் இருக்கான்னு எட்டிப் பாக்க வேண்டாம்? சரியான முட்டாள் புழு!"

"முன்னாடி ஒருத்தன் இங்க பொழச்சிருக்கான், நாமளும் பொழச்சிரலாம். அதுக்கு அவ்வளவுதான் சார் தெரியும்."

மறுநாள் சனிக்கிழமை. ஆணையர் இருபது குடும்பங்களை முதல் தெருவுக்கு அழைத்துப் போனார். புத்தம் புது வீடுகள். வந்தவர்கள் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், குழாயைத் திறந்து பார்த்தார்கள். "அருமையா இருக்கு, வீட்ல பேசிட்டு…" என்று ஆரம்பித்தார்கள்.

திரும்பும்போது குறுக்கு வழியில் மூன்றாம் தெரு வந்தது. கோவில்பட்டியிலிருந்து கணவனோடு வந்திருந்த செண்பகவல்லி அங்கே நின்றுவிட்டாள்.

வீட்டுக்கு வீடு வாசலில் செருப்பு கிடந்தது. கம்பிகளில் ஈரத்துண்டு. ஒரு படியில் கழுவாத டிபன் கேரியர். சுவர் வேலைக்குப் போனவர்கள் ஒரு வாரமாக அந்தக் காலி வீடுகளில்தான் உடை மாற்றியிருந்தார்கள். துலக்கிகள் ஓடாததால் போட்டது போட்டபடி கிடந்தது. ஆணையரின் முகம் சிவந்தது.

"இந்தத் தெருவுல ஒரு வீடு கெடைக்குமா சார்?" என்றாள் செண்பகவல்லி.

"முதல் தெரு இதைவிட நல்லா இருக்கேம்மா?"

"அங்க ஈ காக்கா இல்லியே. இங்கன்னா நாலு பேரு இருக்காவ."

செருப்பு எடுக்க வந்த ஜெசிந்தா குறுக்கிட்டாள். "இங்கயும் யாரும் குடியில்லம்மா. இதெல்லாம் வேலை செஞ்சவங்க விட்டுட்டுப் போனது. வேணும்னா கதவைத் திறந்து காட்டுதேன்."

செண்பகவல்லி கணவனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். "பாத்தியளா? நல்ல தெருவைத் தெரிஞ்சவுகளுக்கு ஒதுக்கி வச்சிருக்காவ. அதான் இல்லங்காவ." பிறகு உரக்க, "எங்களுக்கு ஒண்ணு, எங்க அண்ணனுக்கு ஒண்ணு. இப்பவே எழுதிக்கோங்க சார்!"

அவள் குரல் கேட்டுப் பின்னால் வந்த பத்தொன்பது குடும்பமும் ஆணையரை மொய்த்துக்கொண்டது. யாரும் கதவைத் திறந்து பார்க்கவில்லை. அரை மணி நேரத்தில் மூன்றாம் தெருவின் இருபத்தெட்டு வீடும் முடிந்துபோனது.

"நம்ம பிள்ளையளாவது தொட்டுப் பாத்துட்டுத்தான் டாக்டரம்மா உக்காந்துச்சு" என்றார், ஜெசிந்தாவோடு செருப்பு எடுக்க வந்திருந்த சூசை மிக்கேல்.

நாற்பதும் இருபத்தெட்டும் அறுபத்தெட்டு. இன்னும் முப்பத்திரண்டு குடும்பம் வேண்டும். அடுத்த பேருந்து ஏழு நாள் கழித்துத்தான். ஆணையர் பக்கத்திலிருந்த நான்காம் தெருவை எட்டிப் பார்த்தார். ஆளில்லாத தெரு, துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. அவர் ஜெசிந்தாவைப் பார்த்தார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆணையர் நான்காம் தெருவின் முதல் வீட்டு வாசலில் தம் காலணிகளைக் கழற்றி, ஒன்றைச் சற்றுக் கோணலாகத் தள்ளி வைத்துவிட்டு, வெறுங்காலோடு அலுவலகத்துக்கு நடந்தார்.