தம்பியின் தலைக்கு ஒரு பூட்டு

தம்பிக்கு முடி வெட்டியது அவன் அக்கா நோண்டிதான். எதையும் நோண்டிப் பார்ப்பதால் அவளுக்கு வந்த பெயர் அது. இந்த முறை கத்தரிக்கோலை நோண்டினாள். தம்பியின் தலை, எலி கடித்த பிரஷ் போல ஆகிவிட்டது.

வெளியூரில் வேலை பார்க்கும் அம்மா அன்றைக்குப் பார்த்துத்தான் ஃபோனில், "முகத்தைப் பாத்து எவ்வளவு நாளாச்சு, ஒரு படம் அனுப்புடா கண்ணா" என்றார்.

தொப்பிக்குள்ளிருந்து தம்பி விசும்பினான். "ரேடியோ பாத்துடுவான்க்கா."

ரேடியோ என்பது அதே வீட்டில் இருக்கும் மாமா பையன். படம் எடுக்கவும் அனுப்பவும் வீட்டில் ஒரே டேப்லெட். அதில் எப்போதும் அவன் மூக்குதான். அவன் பார்த்தால் தெருவே பார்த்த மாதிரி.

"படத்தைப் பூட்டி அனுப்பலாம்டா," என்றாள் நோண்டி. பள்ளியில் கணினி நிரல் எழுதப் பழகியிருந்தாள்.

எந்தப் பூட்டு நல்ல பூட்டு? ரேடியோவிடமே காட்டிச் சோதிக்க வேண்டும். பூட்டு உடைந்தால் தம்பி மானம் போகுமே. அதனால் பல் டாக்டரிடம் வாயைப் பிளந்து அழுத தன் பழைய படத்தை எடுத்துக்கொண்டாள்.

முதலில் நிறங்களை மாற்றினாள். வெள்ளையெல்லாம் ஊதா, கறுப்பெல்லாம் மஞ்சள்.

"ஊதாப் பல்லோட அழுவுறது நீதானே?" என்றான் ரேடியோ. நிறம்தான் மாறியது, உருவம் அப்படியே இருந்தது. சாயங்காலத்துக்குள் தெரு சிரித்தது.

அடுத்து, அவளே மாவு டப்பாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்ட படம். அதைக் கட்டம் கட்டமாக வெட்டிக் கலைத்தாள்.

"இங்க ஒரு கண்ணு, அங்க உன் பூப்போட்ட சட்டை, மிச்சமெல்லாம் மாவு," என்றான் ரேடியோ.

"உனக்கு வெக்கமா இல்லையாக்கா?" என்றான் தம்பி.

"இருக்குடா. ஆனா இந்தப் பூட்டும் ஓட்டைன்னு தெரிஞ்சுதே."

மூன்றாவது படம் எதுவென்று அவள் நம்மிடமும் சொல்லவில்லை. கட்டங்களைக் கலைத்தாள், பிறகு ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் வெவ்வேறு அளவில் மாற்றினாள். எப்படிக் கலைப்பது, எவ்வளவு மாற்றுவது எல்லாவற்றையும் ஒரு ரகசிய எண் தீர்மானித்தது.

ரேடியோ கண்ணைச் சுருக்கினான். டேப்லெட்டைத் தலைகீழாகப் பிடித்தான். "இது ரிப்பேரா?"

தம்பியின் படம் அதே பூட்டோடு, திறக்கும் நிரலையும் சேர்த்துக்கொண்டு போனது. பூட்டாத படத்தை நோண்டி அழித்துவிட்டாள். எண்ணை மட்டும் தம்பி ஃபோனில் அம்மாவிடம் கிசுகிசுத்தான்.

"நிரல் இங்கயும் இருக்கே, அந்த நம்பரை மட்டும் சொல்லுடா, என் சைக்கிளைத் தரேன்," என்று கெஞ்சினான் ரேடியோ.

அதற்குள் படத்தைத் திறந்து பார்த்த அம்மா மறுபடி கூப்பிட்டார். "கண்ணா, உன் காது ரெண்டும் இப்பதான் நல்லாத் தெரியுது. எவ்வளவு அழகு."

தம்பி தன் காதுகளைத் தொட்டுப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். நேரே ரேடியோ முன்னால் போய் நின்றான்.

"நம்பரெல்லாம் எதுக்குண்ணா? பாத்துக்கோ."

நோண்டிக்கு மட்டும் லேசான வருத்தம். எவ்வளவு நல்ல பூட்டு.