தொண்ணூற்றாறு மார்க் வாங்கிய நான்கு பாட்டில்கள்

"நாலு மணிக்குள்ள பாட்டில் வரலைன்னா எங்க முதலாளி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருவாராமுங்க" என்றாள் பிரவீனா. உள்ளே வந்து உட்காரவில்லை. வாசலிலேயே நின்றாள்.

தீனதயாளன் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்றே கால். முப்பது வருடம் அவர் நாமக்கல்லில் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவர். நொறுங்கிப்போன லாரியைச் சுற்றி ஒரு தடவை நடந்துவிட்டு, டிரைவர் தூங்கினானா, டயர் வெடித்ததா என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு, போலீஸுக்குப் போகப் பயப்படுகிறவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். சர்வேயர் பரீட்சைக்குப் படிக்கும் சௌமியா அவருக்கு உதவியாளர். முடிவுக்கு வருவதில் அவருக்கு முன்னால் ஓடுவாள். பாதி நேரம் தப்பான பக்கம் ஓடுவாள்.

"என்ன பாட்டில், அம்மிணி?"

"ஒயினுங்க. பிரான்ஸ் ஒயின்."

எருமப்பட்டி பக்கம் குருமூர்த்தியின் கோழிப்பண்ணையில் பிரவீனா ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்க்கிறவள். முட்டைப் பவுடர் வாங்கும் பிரெஞ்சுக்காரர் ஒருவர் மறுநாள் மத்தியானம் சாப்பிட வருகிறார். போன தடவை குருமூர்த்தி இருப்பதிலேயே விலை உசத்தியானதை வாங்கி வைத்தார். விருந்தாளி ஒரு வாய் குடித்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். அதனால் இந்தத் தடவை தேர்ந்தெடுக்கும் வேலை பிரவீனாவுக்கு வந்தது.

"நீ குடிப்பியா?" என்றாள் சௌமியா.

"அய்யோ, இல்லீங்க. முதலாளியும் குடிக்க மாட்டார். அதனாலதான் மார்க்கைப் பார்த்து வாங்கினது. ஒயினைக் குடிச்சுப் பார்த்து நூத்துக்கு இத்தனைன்னு மார்க் போடுறதையே தொழிலா வெச்சிருக்காங்க. ஒருத்தர் மட்டும் சொன்னா நம்ப முடியாது. அப்படி மூணு பேராவது நல்லாருக்குன்னு சொன்னதை மட்டும் எடுத்தேன். போர்தோங்கிற ஊர்ல ஒரு தோட்டத்துச் சிவப்பு ஒயின், 2015ல எடுத்தது, தொண்ணூத்தாறு. அதே தோட்டம், அதே பேரு, 2013 பாட்டிலுக்கு எண்பத்தஞ்சுதான். அந்த வருஷம் மழை பெஞ்சு கெடுத்துருச்சாம்."

"ஒரே ஸ்கூலு, வேற செட்டு" என்றாள் சௌமியா.

"அதேதானுங்க."

சென்னையில் முறையான கடையில், பில்லோடு வாங்கியது மொத்தம் எட்டு பாட்டில். சிவப்பு நான்கு. 2024ஆம் வருடத்து வெள்ளை ஒயின் இரண்டு, தொண்ணூற்றொரு மார்க். ஷாம்பெய்ன் இரண்டு, தொண்ணூறு. இன்று சனிக்கிழமை காலை சிவப்பு நான்கையும் காணோம். மற்ற நான்கும் வைத்த இடத்தில் இருந்தன.

"எல்லாரையும் பேக்கிங் ஷெட்டுல நிக்க வெச்சு, இந்தப் பொண்ணுதான் எடுத்ததுன்னு சொன்னாருங்க. நாப்பது பேர் முன்னாடி." தீனதயாளன் எழுந்து சட்டை மாட்டினார்.

பண்ணை கேட்டில் சௌமியா காரை ஓரம் கட்ட வேண்டியிருந்தது. நீல டிரம்களை ஏற்றிய மினி வேன் ஒன்று வெளியே வந்துகொண்டிருந்தது. மருந்து நெடி காருக்குள்ளும் அடித்தது.

குருமூர்த்தி அலுவலகத்தில் காத்திருந்தார். கனத்த உடம்பு, வெள்ளைச் சட்டை. பிரவீனா சர்வேயரைக் கூட்டி வந்ததில் அவருக்கு எரிச்சல்.

"இதுல துப்பறிய என்னங்க இருக்குது? ஷாம்பெய்ன்னா பச்சப் புள்ளைக்கும் தெரியும். சும்மா திருடுறவன் அதத்தான எடுப்பான்? இவன் தொண்ணூத்தாறை எடுத்துட்டு தொண்ணூறை உட்டுட்டுப் போயிருக்கான். மார்க் எனக்கும் இவளுக்கும்தான் தெரியும். நான் எடுக்கல. பாட்டில் வெச்ச மருந்து ரூம் சாவி வியாழக்கிழமை சாயந்திரத்துல இருந்து இவகிட்ட."

"கடைசியா எட்டையும் பார்த்தது எப்போ?"

"புதன்கிழமை. நானே பார்த்தேன்."

மருந்து அறையைப் பார்க்கலாம் என்றார் தீனதயாளன். இரவும் பகலும் ஏசி ஓடும் அறை பண்ணையில் அது ஒன்றுதான். ஒயின் சூடு தாங்காது என்பதால் பிரவீனா அங்கே வைக்கச் சொல்லியிருந்தாள். கோழிக்குக் கொடுக்கும் வைட்டமின் டப்பாக்கள், கல்லீரல் டானிக். டானிக் கறுத்த கண்ணாடி பாட்டில்களில் இருந்தது. லேபிளில் பிரெஞ்சு எழுத்து. எல்லா அலமாரியிலும் காலாவதி தேதி நெருங்கியவை முன்னால், தள்ளியிருப்பவை பின்னால். அப்படி ஓர் ஒழுங்கு. ஆணியில் ஒரு சிவப்பு டேப் சுருள் தொங்கியது.

ஒயின் இருந்த தட்டில் இரண்டு வெள்ளை, இரண்டு ஷாம்பெய்ன், பக்கத்தில் நான்கு பாட்டிலுக்கான வெற்றிடம். சௌமியா குனிந்து தரையிலிருந்து எதையோ எடுத்தாள். விரல் நீளச் சிவப்பு டேப்.

"சார், பேக் பண்ணி எடுத்துட்டுப் போயிருக்காங்க. வெளியாள் வேலை!"

"பார்க்கலாம்." தீனதயாளன் ஷாம்பெய்ன் பாட்டிலைக் கையில் எடுத்தார். முன்னும் பின்னும் பார்த்தார். வெள்ளை ஒயினையும் அப்படியே பார்த்துவிட்டு வைத்தார். "குருமூர்த்தி, இதெல்லாம் ஒயின்னு பண்ணையில யாருக்குத் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாது. பண்ணையில சாராயம் வெச்சிருக்கான்னு பேர் வரக் கூடாதுல்ல. பிரான்ஸ் கம்பெனிச் சரக்குன்னு சொல்லித்தான் இறக்குனோம். இன்னிக்குக் காலையிலதான் விஷயம் வெளிய வந்துது."

"இந்த அறை யார் பொறுப்பு?"

"சின்னுசாமி. இருபது வருஷமா. அவனைச் சந்தேகப்படாதீங்க, டீ கூடக் குடிக்க மாட்டான். பேத்திக்குக் காது குத்துன்னு வியாழக்கிழமை வேலைய முடிச்சு இவகிட்டச் சாவியக் குடுத்துட்டு மோகனூர் போயிட்டான்."

"இங்கிலீஷ் படிப்பாரா?"

"எழுத்து தெரியாது. நம்பர் நல்லாத் தெரியும். அதுக்கென்ன?"

தீனதயாளன் அறையில் இருந்த ஒரே ஸ்டூலில் உட்கார்ந்தார். மூவரும் நின்றார்கள்.

"எடுத்தவனுக்கு மார்க் தெரியும்னு முடிவு பண்ணிட்டீங்க. நல்ல சரக்கா பார்த்து எடுத்திருக்கான்னு உங்களுக்குத் தோணிருச்சு. அதைக் கொஞ்சம் தள்ளி வெச்சுட்டு பாட்டிலை மட்டும் பாருங்க. வெள்ளையில 2024ன்னு போட்டிருக்கு. ஷாம்பெய்ன்ல வருஷமே இல்ல. ஏம்மா பிரவீனா, அது ஏன்?"

"பல வருஷத்து ஒயினைக் கலந்து செய்யறதுங்க. அதுக்கு வருஷம் போட மாட்டாங்க."

"சரி. காணாமப் போன நாலுல மட்டும் 2015. மார்க்கைப் பார்த்து எடுத்தாலும் இந்த நாலுதான் போகும். பழசைப் பார்த்து எடுத்தாலும் இதே நாலுதான் போகும். மார்க் பாட்டில்ல இல்ல, இந்தப் பொண்ணோட காகிதத்துல இருக்கு. வருஷம் பாட்டில்லயே இருக்கு. இந்த அறையில பழசைப் பார்த்து எடுக்கறதே ஒருத்தருக்கு வேலை."

குருமூர்த்தி ஷாம்பெய்ன் பாட்டிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கறுத்த பாட்டில், பிரெஞ்சு எழுத்து, வெச்சது மருந்து அறையில. பக்கத்து அலமாரியில அதே மாதிரி டானிக் இருக்கு. ஒயின்னு நீங்க சொல்லவும் இல்ல. சின்னுசாமிக்கு அது பத்து வருஷத்துக்கு மேல ஆன கோழி டானிக். காலாவதியானதுக்குச் சிவப்பு டேப் சுத்துவார்னு நினைக்கிறேன். சுருள் ஆணியில தொங்குது, துண்டு கீழ கிடந்துச்சு. போன் போடுங்க."

மூன்று தடவை அடித்த பிறகு சின்னுசாமி எடுத்தார். பின்னால் மேளச் சத்தம். குருமூர்த்தி ஸ்பீக்கரில் போட்டார்.

"சின்னுசாமி, மருந்து ரூம்ல நாலு கறுப்பு பாட்டில்..."

"ஆமாங்க சாமி, எடுத்துப் போட்டுட்டேன். ரெண்டாயிரத்துப் பதினஞ்சு போட்டிருந்துச்சுங்க! யாருங்க அதை வாங்குனது? நல்லா ஏமாத்திப்புட்டான். கோழிக்குக் குடுத்திருந்தா என்னத்துக்கு ஆவறது? இருபத்துநாலுல செஞ்சது ரெண்டு, அது இன்னும் தாங்கும்னு தொடல. தேதி இல்லாத ரெண்டு இருந்துச்சு, அதை உங்ககிட்டக் கேட்டுக்கலாம்னு உட்டு வெச்சேன்."

சௌமியா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"எங்க போட்ட?"

"கழிவு டிரம்முலதானுங்க. எப்பவும் சனிக்கிழமை பண்ற வேலை. லீவுன்னு வியாழக்கிழமையே முடிச்சிட்டேன்."

பிரவீனாவின் முகம் வெளுத்தது. "கழிவு வண்டி இன்னைக்குத்தானுங்க வரும். அது நேரா சேலத்துக்கு, எரிக்கறதுக்குப் போயிரும்."

"நாம வரும்போது கேட்ல பார்த்தோமே!" என்றாள் சௌமியா. அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

தீனதயாளன் கடிகாரத்தைப் பார்த்தார். "போய் முக்கால் மணி நேரம் ஆகுது. டிரைவர் நம்பர் இருக்கா? சேலம் போற வண்டி இந்நேரத்துக்குப் புதுச்சத்திரம் பக்கம் சோத்துக்கு நிக்கும்."

டிரைவர் மணியன் எடுத்தான். வாயில் சோறு இருந்தது தெரிந்தது.

"எந்த டிரம்முங்க? இப்பத்தான் ரசம் ஊத்துனாங்க."

"ரசத்தை வெச்சுட்டு எந்திரிடா!" என்று குருமூர்த்தி கத்தினார்.

இரும்புச் சத்தம். மூச்சு வாங்கும் சத்தம். பிரவீனா அலமாரியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நான்கு பாட்டில் எரிந்துபோனால் சின்னுசாமி சொன்னதை எத்தனை பேர் நம்புவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவளும் சின்னுசாமியும் பேசி வைத்துக்கொண்டதாகத்தான் நாற்பது பேரும் சொல்வார்கள்.

"இருக்குதுங்க" என்றான் மணியன். "ஒண்ணு, ரெண்டு... நாலு. கழுத்துல செவப்பு டேப்பு. சுத்தியும் பவுடர் மூட்டை இருக்குதுங்க, ஒண்ணும் உடையல. என்னங்க இது, இத்தனை கலாட்டா?"

"டானிக்" என்றார் தீனதயாளன். "பத்திரமா திருப்பிக் கொண்டாப்பா."

பிரவீனா கம்பியை விட்டாள். சௌமியா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "வேன்ல உருண்டுச்சே, தொண்ணூத்தாறு குறைஞ்சிருமா?" என்று கேட்டாள்.

"ராத்திரி பூரா நிமித்தி வெச்சா மண்டி அடங்கிரும். ஒண்ணும் ஆகாதுங்க."

குருமூர்த்தி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "சரி அம்மிணி. தப்பா நெனச்சுப்புட்டேன். மனசுல வெச்சுக்காத. போய் நாளைக்கு ஆக வேண்டியதைப் பாரு."

"இங்க சொன்னா எப்படிங்க?" என்றாள் பிரவீனா. குரல் உயரவில்லை. "காலையில எங்க நின்னு சொன்னீங்களோ அங்க நின்னு சொல்லுங்க."

குருமூர்த்தி தீனதயாளனைப் பார்த்தார். அவர் உதவிக்கு வரவில்லை.

பேக்கிங் ஷெட்டில் முட்டை ஓடும் பெல்ட்டை நிறுத்தினார்கள். நாற்பது பேரும் திரும்பினார்கள். குருமூர்த்தி இருமினார். பாட்டில் கிடைத்துவிட்டது, பிரவீனா எடுக்கவில்லை, நான்தான் விசாரிக்காமல் பேசிவிட்டேன் என்றார். மூன்றே வாக்கியம். மூன்றாவதைச் சொல்லத்தான் நேரம் பிடித்தது. பின்வரிசையில் ஒரு அம்மாள், "நாங்க அப்பவே சொன்னோம்" என்றாள். காலையில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

பெல்ட் மறுபடி ஓடியது. பிரவீனா வெளியே வந்து வேப்ப மரத்தடியில் முட்டை அட்டை மூட்டையின் மேல் உட்கார்ந்தாள்.

"அழறதுன்னா அழுதுரு" என்றாள் சௌமியா.

"அழுகை வரலீங்க. காலையில இருந்து பச்சைத் தண்ணி பல்லுல படல. பசிக்குது."

"புதுச்சத்திரத்துல ரசம் நல்லாருக்கும் போலிருக்கு" என்று தீனதயாளன் காரைத் திறந்தார். "அவ்வளவு தூரம் வேணாம். எருமப்பட்டியிலயே சாப்பிடலாம், வா."

அங்கே அவள் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.