கூரையை உரசும் பலாக்கிளை

காற்று இல்லை. வேலியோர வாழையில் ஓர் இலைகூட அசையவில்லை, கொடியில் காய்ந்த குழந்தை மேலோரின் சட்டை விறைத்துப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் அடுப்படித் தகரக் கூரையின்மேல் அந்தப் பலாக்கிளை உரசிக்கொண்டுதான் இருந்தது. கிர்... கொஞ்சம் நிறுத்தி, மறுபடி கிர்... உள்ளே பாயில் மல்லாந்து கிடந்த மேலோர் கூரையைப் பார்த்துக் கெக்கெக்கென்று சிரித்தாள். அவள் சிரிப்பு அடங்கியதும் கிளை உரசியது. கிளை ஓய்ந்ததும் அவள் சிரித்தாள்.

இதைப் பற்றி யோசிக்க அவள் அம்மா நோர்சியாவுக்குத் தெம்பில்லை. நாள் முழுக்கக் கையுறைத் தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை. வீட்டுக்கு வந்து தலையைச் சாய்த்தால் மேலே இந்தக் கிர், பக்கத்தில் பிள்ளையின் சிரிப்பு. எத்தனை ராத்திரிகள் இப்படிப் போயினவோ, கணக்கே விட்டுப்போயிற்று. கணவன் மஸ்லான் லாரியோடு குவாந்தான் பக்கம் போயிருந்தான். நாளைக்கு மத்தியானம்தான் வருவான். பிள்ளை தூங்காமல் அவளும் தூங்க முடியாது. ஒரே ஒரு ராத்திரி கண்ணை மூடினால் போதும். அதற்குமேல் அவளுக்கு உலகத்தில் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கதவிடுக்கில் செருகியிருந்த பாராங்கை உருவினாள். மஸ்லானின் கத்தி, முழங்கை நீளம், நுனிப்பக்கம் கனம். பலாப்பால் ஒட்டாமலிருக்கத் தேங்காயெண்ணெயை வழித்து இரண்டு பக்கமும் தேய்த்துக்கொண்டு கொல்லைக்கு வந்தபோது வானம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. பள்ளிவாசல் ஒலிபெருக்கி கொரகொரத்தது. மகரிப் தொழுகைக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான்.

பக்கத்து வீட்டு மக் லோங் செனா வேலிக்கு அந்தப்புறம் கோழிகளைக் கூட்டில் அடைத்துக்கொண்டிருந்தாள். கத்தியைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

“பொழுது சாயுற நேரத்துல மரத்துல கத்தி வைக்கிற பழக்கம் எங்கேருந்துடி வந்துச்சு? நாளைக்குத்தான் மஸ்லான் வர்றான்ல.”

“நாளைக்குன்னா நடுவுல ஒரு ராத்திரி இருக்கே, மக் லோங். என்னால முடியாது.”

“முடியாதுன்னா ஒரு பிடி உப்பத் தூவி, அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வெட்டு. கிளைக்கு அடியில மொதல்ல கொத்திக்க. மேலேருந்து வெட்டினா பட்டையோட உரிச்சுக்கிட்டு வரும்.”

அக்கா என்று அவள் சொன்னது நஞ்சுக்கொடியை. மேலோர் பிறந்த அன்று மஸ்லான் அதைக் கழுவி, உப்பும் புளியும் வைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி இந்த இடத்தில்தான் புதைத்தான். மேலே தென்னம்பிள்ளை வைத்திருக்க வேண்டும். கிடைக்காததால் பலாக்கன்றை நட்டான். நஞ்சுக்கொடிதான் பிள்ளைக்கு மூத்தது, கைக்குழந்தை தனியாகச் சிரித்தால் அதனோடு பேசுகிறது என்பார்கள். ஆனால் மேலோருக்கு இப்போது நாலு வயது. மரமோ அதற்குள் கூரையைத் தாண்டிவிட்டது.

மக் லோங் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உப்பு அடுப்படியில் இருந்தது. திரும்பிப் போய் எடுத்துவர வேண்டும். நோர்சியா அடுப்படி வாசலைப் பார்த்தாள், தன் வீங்கிய கால்களைப் பார்த்தாள். அக்காவாவது தங்கச்சியாவது, ஆளைத் தூங்கவிட்டால் போதாதா என்று அலுத்துக்கொண்டே முதல் சுள்ளியைத் தட்டிவிட்டாள்.

“அம்மா, எறும்பு கடிக்குது,” என்றாள் மேலோர் உள்ளேயிருந்து.

“தட்டிவிடு, கண்ணு.”

அடுத்த சுள்ளி கட்டைவிரல் தடிமன். வெட்டுவாயில் பால் குபுக்கென்று பொங்கி எண்ணெய்க் கத்தியில் வழுக்கி அவள் மணிக்கட்டில் இறங்கியது. வெதுவெதுப்பாக இருந்தது. பலாப்பாலின் பச்சை வாடை இல்லை, வேறு வாடை. பிரசவத்துக்குப் பிறகு பாய், போர்வை, தன் உடம்பு எல்லாவற்றிலும் அடித்த அந்தக் கவிச்சி. தூக்கம் கெட்டால் மூக்கும் கெட்டுப்போகும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, பெரிய கிளை அடிமரத்தோடு சேருமிடத்தில், தன் தலை உயரத்தில், மேல்பக்கமாகவே ஓங்கி வெட்டினாள். அடியில் கொத்தவில்லை. மறந்துதான் போயிற்று.

இரண்டு வெட்டு. மூன்று வெட்டு. உள்ளே சிரிப்பு நின்றிருந்தது. கூரையில் உரசலும் நின்றிருந்தது. அப்பாடா, எவ்வளவு அமைதி! அவள் சந்தோஷமாக இன்னொரு வெட்டு போட்டாள்.

கிளை முறிந்து கூரை விளிம்பிலிருந்து சரிந்தது. விழவில்லை. பட்டையை உரித்துக்கொண்டு, அடிமரத்தோடு கீழே கீழே கிழிந்து வந்தது.

அடுப்படி வாசலில் மேலோர் நின்றுகொண்டிருந்தாள்.

வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. வலது கை தோளிலிருந்து கீழிறங்கித் தொங்கியது. இருக்கவேண்டிய இடத்துக்கு ஒரு சாண் கீழே. அக்குளிலிருந்து விலாவரை சட்டை நனைந்திருந்தது. சிவப்பில்லை. வெள்ளை. கெட்டியாக, சொட்டுச் சொட்டாக.

பாராங் கையிலிருந்து நழுவியது. நோர்சியா பாய்ந்து கிளைக்கு அடியில் தோளைக் கொடுத்தாள். முக்கி மேலே தள்ளினாள். கிழிசல் மூடியது. வாசலில் பிள்ளையின் கை மெல்ல மேலேறித் தோளில் போய்ப் பொருந்தியது. மேலோர் மூச்சை இழுத்தாள்.

“அம்மா.”

“அசையாத, கண்ணு. அப்படியே நில்லு.”

நோர்சியாவின் தோள் ஒரு விரல்கடை இறங்கியது. பட்டை நறநறவென்றது. பிள்ளை முனகினாள். திரும்பவும் முக்கி ஏற்றினாள்.

ஈரத் துணி மூட்டைபோலக் கனத்தது கிளை. மஸ்லானுக்குச் சொல்லலாமென்றால் கைத்தொலைபேசி உள்ளே இருந்தது. மெதுவாகப் போய் எடுத்து வா என்றாள். மேலோர் ஓர் அடி எடுத்து வைத்தாள். மரத்தில் பட்டை கிழிந்தது. “வேணாம், வேணாம், நில்லு,” என்று கதறினாள் நோர்சியா.

பள்ளிவாசலில் பாங்கு ஒலித்து முடிந்தது. “மக் லோங்!” என்று கத்தினாள். “மக் லோங், ஓடி வாங்க!”

பக்கத்து வீட்டு ஜன்னலில் திரைச்சீலை அசைந்தது. பிறகு விளக்கு அணைந்தது. மகரிப் வேளையில் வெளியிலிருந்து பேர் சொல்லி அழைக்கும் குரலுக்கு இந்த மலாய்க் கிராமத்தில் யாரும் பதில் கொடுப்பதில்லை. அது மனிதக் குரல்தான் என்று என்ன நிச்சயம்? நோர்சியாவும் இத்தனை வருஷத்தில் ஒரு முறைகூடக் கொடுத்ததில்லை.

அவளுக்கு அழுகை வந்தது. உப்பு, ஒரு பிடி உப்பு. “தெரியாம செஞ்சுட்டேன், அக்கா,” என்று மரத்திடம் சொன்னாள். “மன்னிச்சிடு, எம்புள்ளைய விட்டுடு.” மரம் ஒன்றும் செய்யவில்லை. பால் மட்டும் வெதுவெதுப்பாக அவள் கழுத்து வழியே மார்பில் இறங்கிக்கொண்டிருந்தது.

இருட்டியது. அடுப்படி விளக்கு பிள்ளையின் பின்னாலிருந்து எரிந்தது. எங்கும் சத்தமில்லை. கூரை சும்மா கிடந்தது. குளிர்ச்சியாக இருந்தது. இலைகள் அவள் கன்னத்தில் படிந்திருந்தன, மெத்தென்று. நாளை மத்தியானம்வரை. நின்றே பழகிய கால்கள்தான், நிற்கும்.

தலை ஒரு முறை முன்னால் சாய்ந்தது. பட்டை நறநறத்தது. திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

“அம்மா,” என்றாள் மேலோர், கையைத் தொங்கவிட்டபடி, மிகவும் மெதுவாக. “தூங்காத.”

“இல்ல கண்ணு. தூங்கல.”

எத்தனையோ ராத்திரிகளாகக் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத தூக்கம் அது. இப்போது வந்துவிட்டது. இமைகள் தாமாக இறங்கின.