உவர் ஆர்?

மதுராவின் அப்பா விடுதி தேடும் விதத்தை நீங்கள் எங்கேயும் பார்த்திருக்கமாட்டீர்கள். கட்டில் எப்படி என்று பார்க்கமாட்டார். மின்விசிறி சுற்றுகிறதா என்றும் பார்க்கமாட்டார். விறுவிறு என்று உள்ளே போய், "கிணறு எங்கை?" என்றுதான் கேட்பார்.

அப்பாவின் பெயர் தியாகலிங்கம். வட்டுக்கோட்டையில் வெங்காயத் தோட்டம் செய்கிறவர். ஒரு வாய் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, அது நல்ல தண்ணீரா, உப்புக் கரிக்கும் உவர்த் தண்ணீரா என்று சொல்லிவிடுவார். தோட்டத்தில் அது பெரிய கெட்டித்தனம்தான். அதற்காக உல்லாசமாகச் சுற்றப் போன இடத்திலுமா?

போன இடம் குதூகலபுரி. குடாநாட்டின் கிழக்குக் கோடியில் புதிதாகத் திறந்திருக்கும் பெரிய கேளிக்கைப் பூங்கா. தண்ணீர்ச் சறுக்குகள், படகுகள், நடுவில் ஓர் இராட்சத ராட்டினம். அதன் உச்சிக்குப் போனால் இரண்டு பக்கமும் கடல் தெரியுமாம். சந்தையில் யாரோ இதைச் சொன்ன நாளிலிருந்து அப்பாவுக்கு வேறு பேச்சே இல்லை. மதுராவும் தம்பி யதுசனும் சறுக்கை நினைத்துக்கொண்டு திரிய, அப்பா ராட்டினத்தை நினைத்துக்கொண்டு திரிந்தார். அன்றைக்குப் போடுவதற்கென்று நீலச் சேட்டு ஒன்றையும் நீளக் காற்சட்டையையும் தானே தேய்த்து மடித்து வைத்தார். அவர் காற்சட்டை போடுவதே ஆண்டுக்கு ஒரு தடவைதான். மற்ற நாளெல்லாம் இடுப்பில் சுற்றிய சாரம்தான்.

பூங்காவின் கதவு காலை எட்டு மணிக்குத் திறக்கும். அப்பாவின் பழைய ஓட்டோ விடியற்காலையில் புறப்பட்டாலும் மத்தியானம்தான் போய்ச் சேரும். அதனால் முதல் நாளே போய்த் தங்குவது என்று அம்மா உதயகலா முடிவுசெய்தார். பூங்காவுக்கு உள்ளேயே பளபளவென்று ஒரு விடுதி இருந்தது. அதன் வாடகையைக் கேட்டதும் அம்மா மறுபேச்சில்லாமல் தொலைபேசியை வைத்துவிட்டார்.

"வெளியிலை எடுப்பம். மதிலோரம் எத்தினை மலிவான இடம் இருக்கெண்டு சொல்லுகினம். நேரிலை பாத்து எடுப்பம்," என்றார்.

முதல் விடுதியில் சுவர் நிறையக் கிளிப் படங்கள். யதுசன் கட்டிலில் ஏறிக் குதித்து, "இஞ்சைதான், இஞ்சைதான்!" என்று கத்தினான். அப்பா பின்பக்கம் போனார். கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. துப்பும் சத்தமும் கேட்டது.

"உவர்!"

நாலு பேரும் திரும்ப ஓட்டோவில் ஏறினார்கள்.

இரண்டாவது விடுதிக்குக் கண்ணாடிக் கதவு. கழுத்துப்பட்டி கட்டிய இளைஞர் ஒருவர் மேசைக்குப் பின்னால் நின்றார்.

"தம்பி, கிணறு எங்கை?"

"கிணறோ? குழாயிலை தண்ணி வரும் ஐயா."

அப்பா அங்கேயே குழாயைத் திறந்து, கொப்பளித்து, கைகழுவும் தொட்டியில் துப்பினார். "சரியான உவர்."

"குடிக்கிறதுக்குப் போத்தில் தண்ணி தருவம் ஐயா."

"போத்திலுக்குள்ளை குளிக்கேலுமோ, தம்பி?"

பக்கத்தில் நின்ற ஆட்கள் சிரித்தார்கள். மதுராவுக்குக் காது சுட்டது. அங்கே தொங்கிய திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"அப்பா, துப்பாமல் ருசி பாக்கேலாதோ?" ஓட்டோவில் ஏறும்போது மெல்லக் கேட்டாள்.

"துப்பாட்டி எப்பிடிக் குஞ்சு ருசி தெரியும்?"

அப்பா அவளைக் குஞ்சு என்றுதான் கூப்பிடுவார். பதினொரு வயதாகியும் அவள் குஞ்சுதான்.

மூன்றாவது விடுதி ஒரு சைக்கிள் கடைக்குப் பின்னால் இருந்தது. கீழே வீடு, மேலே இரண்டு அறைகள். வீட்டுக்காரர் கிறிஸ்ரோபர் அறையைக் காட்ட அம்மாவையும் யதுசனையும் மேலே கூட்டிக்கொண்டு போனார். கிணறு தெருவோரத்திலேயே இருந்தது. அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியை இறக்கினார்.

அப்போதுதான் எதிர்க் கடையில் ஒரு வெள்ளை வான் வந்து நின்றது. அதிலிருந்து குதித்து ஓடிவந்தவள் டிலக்சனா.

மதுரா இந்த ஆண்டுதான் மானிப்பாயில் பெரிய பள்ளிக்கூடத்துக்கு மாறியிருந்தாள். புதிய வகுப்பில் அவளை முதலில் பக்கத்தில் இருத்தியவள் டிலக்சனாதான். பெற்றோர் கூட்டங்களுக்கெல்லாம் அம்மாவே போவதால், மதுராவின் அப்பாவை அவள் கண்டதில்லை.

"மதுரா! நீயும் வந்தனியோ? நாங்கள் உள்ளுக்கை தங்கிறம். கனடா மாமா எடுத்துத் தந்தவர். நீங்கள் எங்கை?"

"இன்னும் பாக்கிறம்."

டிலக்சனாவின் பார்வை கிணற்றடிக்குப் போனது. அங்கே அப்பா கன்னங்கள் இரண்டும் புடைக்கக் கொப்பளித்துக்கொண்டிருந்தார். பிறகு புளிச்சென்று தெருப்பக்கம் துப்பினார்.

"உவர் ஆர்?" என்று டிலக்சனா கேட்டாள்.

அதே நேரத்தில் அப்பா மாடியைப் பார்த்து மகிழ்ச்சியோடு கத்தினார்: "உவர் இல்லை! உவர் இல்லை! நல்ல தண்ணி!"

எங்கள் பக்கத்தில் உப்புத் தண்ணீரும் உவர்தான். சற்றுத் தள்ளி நிற்கும் மனிதரை மரியாதையாகச் சொன்னாலும் உவர்தான். டிலக்சனாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "உவர் இல்லையாம்! அப்ப ஆராம்?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மதுரா அப்பாவின் மடித்துக் கட்டிய சாரத்தைப் பார்த்தாள். தாடையில் வடிந்த தண்ணீரைப் பார்த்தாள். வாய் தானாகத் திறந்தது.

"அவர்... எங்கடை ஓட்டோக்காரர்."

கிணற்றடியில் கயிறு அசையாமல் நின்றது.

அப்பாவுக்குக் கேட்டுவிட்டது. மதுராவுக்கு அது உடனே தெரிந்தது. அப்பா வாளியைக் கிணற்றுக் கட்டின்மேல் வைத்தார். சாரத்தை அவிழ்த்து நேராக்கினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து சற்றுத் தள்ளி நின்றார்.

"தங்கச்சி, அம்மாவை ஒருக்காக் கேளுங்கோ. சாமானை இறக்கட்டோ எண்டு."

தங்கச்சி. கேளுங்கோ. பிறந்த நாளிலிருந்து அப்பா அவளோடு 'ங்கோ' போட்டுக் கதைத்ததே இல்லை. மதுரா தலையை மட்டும் ஆட்டினாள்.

"நல்ல ஓட்டோக்காரர்," என்றாள் டிலக்சனா. "எங்கடை வான்காரர் சரியான சிடுமூஞ்சி."

அவள் கையசைத்துவிட்டு ஓடிவிட்டாள். மதுரா அங்கேயே நின்றாள். நிலம் பிளந்து தன்னை விழுங்கினால் நல்லது என்று நினைத்தாள். நிலம் பிளக்கவில்லை. மாடியிலிருந்து யதுசன்தான், "அக்கா, இஞ்சை பல்லி இருக்கு!" என்று கூப்பிட்டான்.

பின்னேரம் கிறிஸ்ரோபரின் மனைவி தேத்தண்ணி ஊற்றித் தந்தார். நல்ல தண்ணீரில் போட்ட தேத்தண்ணி அல்லவா, அம்மா இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கினார். மதுரா மட்டும் தன் கோப்பையைத் தள்ளி வைத்தாள். அப்பா கிறிஸ்ரோபரோடு இருந்து வெங்காய விலை கதைத்துக்கொண்டிருந்தார். நடந்ததை அம்மாவிடம் சொல்லவில்லை. ஏசியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்பா," என்றாள்.

"என்ன பிள்ளை?"

பிள்ளை என்றார். குஞ்சு என்று வரவில்லை.

"ஒண்டுமில்லை," என்று சொல்லிவிட்டு மதுரா எழுந்து போனாள். கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பு வாய்க்குள்ளேயே கிடந்தது.

மறுநாள் காலை எல்லோரும் பூங்கா வாசலில் இறங்கினார்கள். அப்பா சாரத்தோடுதான் வந்திருந்தார். தேய்த்த சேட்டும் காற்சட்டையும் பையை விட்டு வெளியே வரவில்லை.

"நீங்கள் மூண்டு பேரும் போட்டு வாங்கோ," என்றார். "நான் ஓட்டோவோடை நிக்கிறன். வெயில் எனக்கு ஒத்துவராது."

அம்மாவுக்கு விளங்கவில்லை. "தோட்டத்திலை வராத வெயிலோ? மூண்டு மாதமாய் ராட்டினம் ராட்டினம் எண்டு என்ரை காதைத் திண்டுபோட்டு! நாலு ரிக்கற் எல்லே எடுத்திருக்கு!"

"ஓட்டோவை ஆரெண்டாலும் பாக்கத்தானே வேணும்."

அதைச் சொல்லும்போது அப்பா வரிசைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். மதுராவும் பார்த்தாள். வரிசையில் டிலக்சனா தன் வீட்டாரோடு நின்றாள்.

மதுராவுக்கு விளங்கிவிட்டது. அவள் சொன்ன பொய் வெளியே தெரியாமல் இருக்க, அப்பா தன் ராட்டினத்தையே விட்டுக்கொடுக்கிறார்.

அவளுக்கு அழுகை முட்டியது. ஆனால் அழுதுகொண்டு நின்றால் அப்பா உள்ளே போகப் போவதில்லை. ஒரே ஓட்டமாக வரிசைக்கு ஓடினாள்.

"டிலக்சனா, நான் நேற்றுச் சொன்னது பொய்!" குரல் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. வரிசையில் நின்ற பாதிப்பேர் திரும்பினார்கள். "அவர் ஓட்டோக்காரர் இல்லை. என்ரை அப்பா."

டிலக்சனா கண்ணை உருட்டினாள். "அப்ப ஏனடி அப்பிடிச் சொன்னனி?"

"அவர் துப்பினது எனக்கு வெக்கமாய் இருந்தது. சாரமும் வெக்கமாய் இருந்தது." மதுரா மூச்சை இழுத்துவிட்டாள். "இப்ப அதைவிடக் கூட வெக்கமாய் இருக்கு."

டிலக்சனா தன் அப்பாவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "என்ரை அப்பா நேற்று வானுக்குள்ளை வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டவர். கடையடியிலை நிண்ட ஆக்கள் பாப்பினம் எண்டு நான் தொப்பியாலை மூடினனான்."

நேற்றுக் கிணற்றடியில் நடந்ததை வானுக்குள் இருந்து பார்த்திருந்த அவளுடைய அம்மா இடையில் புகுந்தார். "தண்ணி பாத்து இடம் எடுத்தவரோ உங்கடை அப்பா? கெட்டிக்காரர். உள்ளுக்கை இவ்வளவு காசைக் குடுத்தும், தேத்தண்ணியை வாயிலை வைக்கேலாது பிள்ளை. ஒரே உவர்."

மதுரா திரும்ப ஓட்டோவுக்கு ஓடினாள். அப்பா சாரதி இருக்கையில், கைப்பிடியைப் பிடித்தபடி இருந்தார்.

"அப்பா, காற்சட்டையைப் போடுங்கோ."

"ஓட்டோவை ஆர் பாக்கிறது?"

"அது தன்ரை பாட்டிலை நிக்கும். எங்களிட்டை ஓட்டோக்காரர் எண்டு ஒருத்தரும் இல்லை. நான் அங்கை எல்லாருக்கும் கேக்கச் சொல்லிப்போட்டன்." அதற்கு மேல் குரல் உடைந்தது. "நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது அப்பா."

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு கைப்பிடியை விட்டார்.

"குஞ்சு," என்றார், "உந்தப் பையை எடு."

ராட்டினத்துக்கு முதல் ஆளாக ஓடிப்போய் நின்றவர் அப்பாதான். கூண்டில் ஏறும்வரை சிரித்துக்கொண்டிருந்தார். நிலம் கீழே போகத் தொடங்கியதும் சிரிப்புப் போய்விட்டது. பாதி உயரத்தில் ஒரு கையால் கம்பியையும் மற்றக் கையால் மதுராவையும் பிடித்துக்கொண்டார். உச்சிக்குப் போனபோது இரண்டு கண்களையும் இறுக மூடியிருந்தார்.

"குஞ்சு, கடல் தெரியுதோ?"

"இந்தப் பக்கம் பெரிய கடல் தெரியுது. அந்தப் பக்கம் சின்னக் கடல் தெரியுது. கண்ணைத் திறந்து பாருங்கோ அப்பா!"

"நீ பாத்துச் சொல்லு. எனக்கு அது காணும். முருகா!"

அடுத்த கூண்டில் இருந்த ஒரு சின்னப் பையன் எட்டிப் பார்த்தான். "அக்கா, உவர் ஆர்? ஏன் கண்ணை மூடிக்கொண்டு கத்துறார்?"

மதுரா கையை வாயருகில் குவித்தாள். கீழே நின்ற அம்மாவுக்கும் யதுசனுக்கும், வரிசையில் நின்ற டிலக்சனாவுக்கும், அந்தப் பூங்கா முழுவதற்குமே கேட்கும்படி கத்தினாள்:

"உவர் என்ரை அப்பா!"