மச்சான் பிடித்த கயிறு

மலையைப் பார்ப்பதற்காகவே மலை ஏறுகிற ஆள் அந்தக் காலத்து அனுமந்தன்பட்டியில் ஒருவன்தான் இருந்தான். மற்றவர்கள் விறகுக்குப் போவார்கள், காணாமல் போன மாட்டைத் தேடிப் போவார்கள், பெரியாற்றில் அணை கட்ட ஆரம்பித்த பிறகு கூலிக்குப் போனார்கள். பொன்னுராஜ் மட்டும் சும்மா போய்ப் பார்த்துவிட்டு வருவான். மாதா கோயில் சுரூபங்களுக்கு வர்ணம் பூசுவதும் திருநாள் நாடகத்துக்குப் படுதா எழுதுவதும் அவன் பிழைப்பு. அந்த வருஷம் மலைப் படுதா ஒன்று எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தான். கண்ணால் பார்க்காத மலையை எழுத மாட்டேன் என்று ஒரு வீம்பு வேறு.

வைகாசிக் கடைசியில் கிளம்பினான். துணைக்குப் போனவன் பங்கிராஸ், பொன்னுராஜின் மனைவி ஞானசெல்விக்கு அண்ணன். தாது வருஷப் பஞ்சத்தில் தாயும் தகப்பனும் போய்விட, நடை பழகாத தங்கச்சியைத் தோளில் தூக்கி வளர்த்தவன். அந்த வளர்ப்பிலேயே தனக்கு ஒரு கல்யாணம் என்பதையும் மறந்துவிட்டான். மலையில் பள்ளம் மேடு வந்தால் உதவும் என்று தன் கமலைக் கிணற்றின் வடத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டான். இரண்டு காளை இழுத்தாலும் அறாத வடம் அது.

ஞானசெல்விக்கு ஆறாம் மாதம். இடுப்பில் கை வைத்தபடி வாசல் வரை வந்தாள்.

"அண்ணே, இந்த மனுசன் பராக்குப் பாத்துக்கிட்டே பள்ளத்துல காலை வச்சுருவாக. கூட்டிட்டுப் போற மாதிரியே கூட்டியாந்து என் கையில குடுத்துரணும்."

"குடுத்துர்றேன் ஆத்தா. நீ உள்ள போ, வெயில் ஏறுது" என்றான் பங்கிராஸ்.

சுருளி அருவிக்கு மேலே தடம் செங்குத்தாக ஏறியது. மூங்கில் காட்டில் யானை லத்தி ஆவி பறக்கக் கிடந்தது. கால் விரல் இடுக்கெல்லாம் அட்டை. பங்கிராஸ் புகையிலைத் தண்ணீரைத் தடவித் தடவித் திட்டிக்கொண்டே நடந்தான். பொன்னுராஜோ, சட்டைக்குள் ரத்தம் வழிவது தெரியாமல், பத்தடிக்கு ஒருமுறை நின்று படம் எழுதும் பலகையைத் தோளிலிருந்து எடுத்து எதையாவது எழுதினான். மரத்தில் படர்ந்த பாசி, பாறையில் உட்கார்ந்த குரங்கு, ஒன்றையும் விடவில்லை. அந்தப் பலகையும் பென்சில் பெட்டியும் இல்லாமல் அவன் சோறு தின்னக்கூட உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

இருட்டுவதற்குள் மலைக்குடிகளான பளியரின் குடிசைகளுக்கு வந்து சேர்ந்தார்கள். உத்தமபாளையம் சந்தைக்குத் தேன் கொண்டுவருகிற கருத்தக்கண்ணன் அங்கேதான் இருந்தான், பங்கிராஸுக்குப் பழக்கம். சுட்ட வள்ளிக்கிழங்கும் தேனும் கொடுத்துப் படுக்க இடமும் கொடுத்தான்.

மறுநாள் காலையில் அவன் தேன் எடுப்பதைப் பார்க்கப் போனார்கள். தலை சுற்றும் பாறை. விளிம்பிலிருந்த மரத்தில் கொடியைக் கட்டித் தொங்கவிட்டு, புகைகிற தழைக்கட்டோடு கருத்தக்கண்ணன் இறங்கினான். மேலே கொடியைப் பிடித்தபடி ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். கருத்தக்கண்ணனின் பெண்டாட்டிக்கு உடன்பிறந்தவன் அவன். ஈ மொய்த்தும் கண்ணை அசைக்கவில்லை, பேசினால் பதிலும் சொல்லவில்லை.

கருத்தக்கண்ணன் ஏறி வந்த பிறகு பொன்னுராஜ் எதிரே கையை நீட்டினான். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு பாறை. வண்டிச் சக்கரம் அகலத்துக்கு அடை அடையாகத் தேன் தொங்கியது. ஒரு கொடியும் இல்லை.

"அங்கன ஏன் யாரும் எறங்கல?"

"அது விட்ட பாறை, அய்யா." கருத்தக்கண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "எங்க பாட்டன் காலத்துல ஒருத்தன் எறங்குனான். கொடிய அவன் அண்ணன் பிடிச்சான்."

"அண்ணன்தானே? அதுல என்ன?"

"தம்பி போனா அண்ணனுக்குத் தம்பி பொண்டாட்டி கெடைப்பா. மச்சான் பிடிச்சா அவனுக்கு என்ன கெடைக்கும்? வெதவையா நிக்கிற தங்கச்சிதான் கெடைப்பா. அதான் எங்கள்ல மச்சானத் தவிர யாரும் கொடி தொடுறதில்ல." எதிர்ப்பாறையைப் பார்க்காமலே சொன்னான். "அண்ணன்காரன் விட்டுட்டான். விழுந்தவன் ஒடம்பும் கெடைக்கல. மேல வர வழி பாத்துக்கிட்டு இன்னும் அங்கனதான் இருக்கான். மஞ்சு எறங்குனா அந்தப் பக்கம் போகாதீக."

தேனைப் பிழியப் பளியர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். வானம் துடைத்துவிட்டது போல இருந்தது, மஞ்சு என்கிற பனிமூட்டத்தின் சாடையே இல்லை. பார்த்துவிட்டு மட்டும் வருவோம் என்று பொன்னுராஜ் கிளம்பினான். பங்கிராஸ் பின்னால் போனான்.

விட்ட பாறையின் விளிம்பில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்ததும் பொன்னுராஜின் கை பென்சில் பெட்டியைத் தேடியது. ஒரு தென்னை மர ஆழத்தில் திட்டு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து கிடந்தது. பச்சை வயல்கள், நடுவே முல்லையாறு, அவர்கள் ஊர்க் கோயிலின் வெள்ளைப் புள்ளிகூடத் தெரிந்தது.

"மச்சான், அந்தத் திட்டுல உக்காந்து எழுதுனா அதுதான் படுதா."

"கருத்தக்கண்ணன் சொன்னதக் கேட்டீகள்ல?"

"அண்ணன் பிடிச்சதாலதானே அவன் விழுந்தான்? எனக்கு மச்சானே பிடிக்கிறீக. உங்க தங்கச்சி என்ன சொல்லி அனுப்புனா? 'கூட்டியாந்து என் கையில குடுத்துரணும்'னு சொன்னாள்ல? நீங்க விட்டுருவீகளா?" என்று அவளைப் போலவே குரலை இழுத்துச் சொல்லிச் சிரித்தான்.

பங்கிராஸுக்கும் உள்ளூரப் பெருமைதான். கயிறு பிடிப்பதில் அந்த வட்டாரத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைப்பு. வடத்தை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, மாப்பிள்ளையின் இடுப்பில் தன் கையாலேயே முடிச்சுப் போட்டான்.

"மூணு தடவ சுண்டி இழுத்தா நான் தூக்குவேன்."

பொன்னுராஜ் பலகையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினான்.

"மச்சான், பிடிச்சிருக்கீகளா?"

"பிடிச்சிருக்கேன், எறங்குங்க மாப்ளே."

கொஞ்சம் வடம் விட்டான். மறுபடியும் அதே கேள்வி, அதே பதில். விளையாட்டுப் போல அது நடந்தது. பிறகு வடம் ஆடாமல் நின்றது. திட்டில் உட்கார்ந்துவிட்டான் போலிருக்கிறது, ஆனாலும் பாதி பாரம் பங்கிராஸின் கையில்தான் இருந்தது.

மஞ்சு மேலிருந்து இறங்கவில்லை. பள்ளத்திலிருந்து ஏறி வந்தது.

முதலில் எதிர்ப்பாறை காணாமல் போனது. பிறகு விளிம்பு. பிறகு, நாலடி தூரத்தில் இருந்த மரமும் போய், கையிலிருந்து கிளம்பும் வடம் வெள்ளைக்குள் நுழைந்து மறைந்தது. அவ்வளவு நேரம் இரைந்துகொண்டிருந்த தேனீக்கள் ஒரேயடியாக அடங்கின. தழை கருகிய வாடையும் தேன் வாடையும் அடித்தன. அந்தப் பக்கம் யாரும் தீ மூட்டவில்லை.

"மாப்ளே, போதும், வாங்க" என்று கத்தினான்.

சத்தம் மஞ்சுக்குள்ளேயே அமுங்கியது.

பங்கிராஸுக்குப் பயம் வந்தது. மாதாவை வேண்டும் பிரியதத்த மந்திரத்தை முணுமுணுத்தான். பாதியில் அடுத்த வார்த்தை மறந்துபோனது.

பின்னால் ஈரச் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது.

"மச்சான்..."

காதுக்குப் பக்கத்தில், மெதுவாக.

"மச்சான், யாரைப் பிடிச்சிருக்கீக?"

திரும்பினான். பொன்னுராஜ் நின்றுகொண்டிருந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. முகம் வெளுத்திருந்தது.

"மாப்ளே, நீங்க எப்படி இங்கன..."

"திட்டுலருந்து பக்கவாட்டுல ஒரு தடம் போகுது. கயித்த அவுத்துட்டு அது வழியா ஏறி வந்துட்டேன்."

"அப்ப இதுல?"

வடம் கனத்தது. ஓர் ஆள் கனம்.

பொன்னுராஜ் உதட்டில் விரலை வைத்தான். "அவன்தான். தூக்கிராதீக. விட்டுருங்க, மச்சான்."

வடத்தைக் கீழே யாரோ சுண்டினார்கள்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

கையில் இருப்பது யார், கண்ணுக்கு முன்னால் நிற்பது யார்? தங்கச்சியின் முகம் வந்து நின்றது. வடத்தை இறுக்கிப் பிடித்தபடியே பங்கிராஸ் ஒரு கேள்வி கேட்டான்.

"நாம பொறப்படும்போது ஞானசெல்வி என்ன சொன்னா?"

"கூட்டியாந்து என் கையில குடுத்துரணும்" என்றான் எதிரே நின்றவன், அவளைப் போலவே குரலை இழுத்து.

மறுபடியும் மூன்று சுண்டு. இந்த முறை அவசரமாக.

"விட்டுருங்க, மச்சான். ஏறி வர்றான்."

பங்கிராஸ் கையை விரித்தான்.

வடம் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓடியது. மரத்தைச் சுற்றிச் சீறி, விளிம்பைத் தாண்டி, போய்விட்டது. அலறல் எதுவும் வரவில்லை. வெகு கீழேயிருந்து, அருவிச் சத்தத்துக்கு நடுவே, ஒரு குரல் மட்டும் பாதியில் அறுந்தது.

"மச்சான், பிடிச்சிருக்..."

"வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்றான் பக்கத்தில் நின்றவன்.

மஞ்சு விலகியபோது எதிரே தடத்தில் கருத்தக்கண்ணன் வந்துகொண்டிருந்தான். பொன்னுராஜைப் பார்த்ததும் நின்றுவிட்டான். பிறகு பங்கிராஸின் கையைப் பார்த்தான்.

"தோலு உரிஞ்சிருக்கே அய்யா. யாரை விட்டீக?"

கருத்தக்கண்ணன் தடத்தை விட்டுப் புதருக்குள் ஒதுங்கி நின்று அவர்களுக்கு வழி கொடுத்தான். அதன் பிறகு அவன் சந்தைக்கு வரவே இல்லை.

சுருளிக்கு இறங்கி வந்த பிறகுதான் பங்கிராஸ் அதைக் கவனித்தான். முன்னால் நடக்கிறவனின் தோளில் பலகை இல்லை. பென்சில் பெட்டியும் இல்லை. கேட்டதற்கு, "கீழயே விட்டுட்டேன்" என்றான், அது யாருடைய சாமானோ என்பது போல. கால்களில் அட்டை ஒன்றுகூட ஏறியிருக்கவில்லை.

அப்போதுதான் இன்னொன்றும் புரிந்தது. ஞானசெல்வி சொன்னதை அந்த விளிம்பில் வைத்துத்தான் பொன்னுராஜ் சத்தமாகச் சொல்லிக் காட்டினான். பள்ளத்துக்குக் கேட்கிற மாதிரி. அவளைப் போலவே குரலை இழுத்து.

தங்கச்சியிடம் என்ன சொல்வது? அவள் வாசலில் நின்று, "சொன்ன மாதிரியே கூட்டியாந்துட்டியே அண்ணே" என்று சிரித்தாள். பிள்ளைத்தாச்சி. பங்கிராஸ் புண்ணான கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

படுதாத் துணி வெள்ளையாகவே மடிந்து கிடந்தது. ஊரார் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் வேறு ஆளைப் பிடித்தார்கள். வீட்டு விட்டத்தில் மலைத்தேனீ வந்து அடை கட்டியது. பள்ளத்தாக்கில் அந்த ஈ கூடு கட்டி யாரும் கண்டதில்லை. மலையிலிருந்து வந்தவன் கையிலும் கழுத்திலும் அவை உட்கார்ந்து நடந்தன. ஒன்றுகூடக் கொட்டவில்லை.

"மலைக்குப் போயிட்டு வந்ததுலருந்து பேச்சக் கொறச்சுட்டாக அண்ணே. ஆனா என்னைய விட்டு நகர மாட்டேங்கிறாக" என்றாள் ஞானசெல்வி. அவளுக்கு அதில் சந்தோஷம்தான். பங்கிராஸ் அன்று இரவெல்லாம் கோயில் வாசலில் உட்கார்ந்து அழுதான்.

ஆவணியில் பிள்ளை பிறந்தது, ஆண். பிரசவம் அண்ணன் வீட்டில்தான். அவன் அங்கேயும் வந்து பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், பிள்ளையைக் குளிப்பாட்டத் தண்ணீர் இறைக்கக் கொல்லைக் கிணற்றுக்குப் போனான் பங்கிராஸ். மலையிலிருந்து மஞ்சு இறங்கி வேலி வரை வந்திருந்தது. ஞானசெல்வி அடுப்படியில் இருந்தாள். கொல்லை நடைக்கு வந்து, பிள்ளையை மடியில் போட்டு, அவன் உட்கார்ந்திருந்தான். பிள்ளையின் கழுத்துக்கு அடியில் அவன் கை இருந்தது. கையில் தேனீக்கள்.

தோண்டியை உள்ளே விட்டான் பங்கிராஸ். கயிறு சகடையில் உருண்டு இறங்கியது. தண்ணீரைத் தொட்டது. இழுத்தான்.

வரவில்லை.

கனத்தது. ஓர் ஆள் கனம்.

தழை கருகிய வாடை வந்தது. ஆறிப்போன உள்ளங்கை எரிந்தது.

கயிற்றை யாரோ சுண்டினார்கள்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

முதுகுக்குப் பின்னால், பிள்ளையைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் நின்றது.

"விட்டுருங்க, மச்சான்" என்றான் அவன். குரலில் கோபம் இல்லை. மடியிலிருந்து பிள்ளை ஒருமுறை சிணுங்கியது.

பங்கிராஸ் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். இழுக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து, வெகு ஆழத்திலிருந்து, களைத்துப்போன ஒரு குரல் ஏறி வந்தது.

"மச்சான், பிடிச்சிருக்கீகளா?"