தலையில் விழாத உதை

லாரியின் முதுகில் ஏழு டன் டாங்கி. நான்கு சங்கிலி போட்டு இறுக்கியிருந்தார்கள், அசைய வழியே இல்லை. ஆனாலும் பாப்லர் மரவரிசை தொடங்கிய இடத்தில், லாரியை ஓட்டிக்கொண்டிருந்த எவாரிஸ்தின் நடுமுதுகில் மெதுவாக ஒன்று இடித்தது.

இருக்கைக்குப் பின்னால் கனத்த பலகை, அதற்கும் பின்னால் டாங்கியின் மூக்கு. இடித்ததும் அவன் கால் தானாக ஆக்ஸிலேட்டரை அழுத்திவிட்டது. எதற்கு அழுத்தினோம் என்று பிறகுதான் உறைத்தது.

"என்ன தம்பி திடீர்னு வேகம்? ரயில் ஸ்டேஷன் எழுந்து ஓடிடுமா?" என்று பக்கத்திலிருந்த மார்செலின் சிரித்தார். இந்த டாங்கிக்குள் கருகிச் செத்த சார்ஜெண்ட் லியோன்ஸுக்கு அண்ணன். போர் முடிந்து ஒரு மாதம். குழியிலிருந்து இழுத்தெடுத்த டாங்கியை உடைக்க அனுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டு, தம்பியின் கடைசி இடத்தைப் பார்க்க நாற்பது மைல் வந்திருந்தார். மடியில் ரொட்டியும் பன்றிக் கொழுப்பும், தம்பிக்குப் பிடித்த பிளம் சாராயமும்.

"சங்கிலி தளர்ந்திருக்கும்ணே. பாத்துட்டு வரேன்."

லாரியை நிறுத்தி இறங்கினான். பிற்பகல் மூன்று மணிக்கே மூடுபனி வயலைத் தின்றிருந்தது. அழுகின பீட்ரூட் இலையின் வாடை ஒரு பக்கம், டாங்கியின் பார்வைத் துளைகளிலிருந்து கசிந்த பழைய எண்ணெய்ப் புகையின் வாடை மறுபக்கம், இரண்டுக்கும் அடியில் அவன் பெயர் சொல்ல விரும்பாத இன்னொரு வாடை. நான்கு சங்கிலியும் இறுக்கமாக இருந்தன. உள்ளே ஏதோ தோல் வார் கிரீச்சிட்டது, ஆள் உட்கார்ந்தால் கிரீச்சிடுமே, அப்படி. ஓட்டமும் நடையுமாக வந்து ஏறிக்கொண்டான்.

டாங்கி ஓட்டியவனுக்கு மட்டும் தெரிந்த பாஷை, முதுகில் விழுந்த அந்த இடி. எஞ்சின் இரைச்சலில் வாயால் சொன்னால் கேட்காது. டாங்கியின் சுழல்கோபுரத்துக்குள் தொங்கும் தோல் வாரில் உட்கார்ந்திருக்கும் சார்ஜெண்ட், முன்னால் குனிந்து ஓட்டுகிறவனைப் பூட்ஸ் காலால் உதைப்பார். முதுகில் விழுந்தால் போ. வலது தோளில் விழுந்தால் வலம், இடது தோளில் இடம். தலையில் விழுந்தால் நிறுத்து. யோசிக்கக் கூடாது, யோசித்தால் செத்தோம். எட்டு மாதம் இதே டாங்கியை ஓட்டி, லியோன்ஸின் காலுக்கு அவன் உடம்பு மாடு மாதிரி பழகியிருந்தது.

மார்செலின் சாராயத்தை ஒரு வாய் குடித்துவிட்டு நீட்டினார். "அம்மா ஒண்ணுதான் கேட்டுட்டு வரச் சொன்னா. அவன் ரொம்ப நேரம் கஷ்டப்பட்டானா?"

"இல்லண்ணே. குண்டு பட்ட உடனே போயிட்டாரு. நான் வெளிய வந்தப்ப உயிரே இல்ல."

முதுகில் ஓர் உதை. இந்த முறை மெதுவாக இல்லை. லாரி முனகிக்கொண்டு வேகமெடுத்தது.

"நல்லவேளை," என்றார் மார்செலின், கண்ணைத் துடைத்தபடி. "நீயாவது கூட இருந்தியே."

அந்த வார்த்தை அவனைக் கொன்றது. பாதை பிரியும் இடம் வந்தது. இடப்பக்கம் ஸ்டேஷன். வலப்பக்கம் கால்வாய், ஜெர்மன்காரன் பின்வாங்கும்போது தகர்த்துவிட்டுப் போன பாலம்.

வலது தோளில் உதை.

கை வலப்பக்கம் திருப்பியது.

"ஏய், எங்கப்பா போற? அங்க பாலமே இல்ல!"

"அவரு சொல்றாருண்ணே."

"எவரு?"

பிரேக்கை மிதிக்க நினைத்தான். கால் வரவில்லை. முதுகில் உதை. மறுபடி உதை. பூட்ஸின் ஆணி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. அவனுக்கு அழுகை முட்டியது.

"பொய் சொல்லிட்டேன்ணே. உயிரோடதான் இருந்தாரு. பின்கதவு சிக்கிக்கிச்சு. நெருப்பு. என் தலையில உதைச்சாரு, நிறுத்து நிறுத்துன்னு. நிறுத்தியிருந்தா முன்வழியா வந்திருப்பாரு. நான் நிறுத்தல. வண்டிய ஓட விட்டுட்டு நான் மட்டும் குதிச்சிட்டேன். அது அவரோடயே குழிக்குள்ள போச்சு."

மார்செலின் அவனைத் திரும்பிப் பார்த்தார். சாராயப் புட்டியை இருக்கையில் பத்திரமாக வைத்தார். கதவைத் திறந்தார். ஓடுகிற லாரியிலிருந்து குதித்தார்.

"அண்ணே!"

பின்னால் பனிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "நிறுத்துடா! நிறுத்து!"

நிறுத்தத்தான் ஆசை. உடம்பு கேட்க வேண்டுமே. அது இன்னொருவரின் காலுக்குக் காத்திருந்தது.

சரிவு. கால்வாய்த் தண்ணீரின் வாடை. பனிக்குள் பாலத்தின் முறிந்த விளிம்பு, அதற்கப்பால் ஒன்றுமில்லை.

தொப்பியைக் கழற்றி எறிந்தான். ஸ்டியரிங்கின்மேல் தலையைத் தாழக் குனிந்து காட்டினான்.

"சார்ஜெண்ட். தலையில. ஒரே ஒரு தடவை."

பின்னால் தோல் வார் கிரீச்சிட்டது. சூடான பூட்ஸ் ஒன்று பிடரிவரை வந்து, தலைமுடியை உரசி, நின்றது.

பிறகு கீழே இறங்கி, முதுகில் உதைத்தது.