குட்டி காத்திருக்கிறார்

பேருந்தில் மாட்டிக்கொண்டதாகவும் இன்றைக்கு அப்பாவைத் திரையில் பார்க்க வர முடியாதென்றும் வீட்டில் குட்டி என்று கூப்பிடும் தங்கை போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். அதே நேரத்தில் அக்கா பெரியவளின் மடிக்கணினித் திரை மூலையில் அந்தச் சின்னக் கட்டம் எட்டிப் பார்த்தது. ‘குட்டி காத்திருக்கிறார்.’ கீழே, ‘அனுமதி’ என்று ஒரு பொத்தான்.

“ஏண்டி, நீ இப்ப மீட்டிங்ல சேர்ந்தியா?”

“எப்படிக்கா சேர்றது? லேப்டாப் பையில கிடக்கு, பை என் மடியில கிடக்கு. ஏன்?”

“ஒண்ணுமில்ல. பாத்துப் போ.”

போனை வைத்த பிறகும் கட்டம் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலச் சந்திப்பு பெரியவள் ஏற்படுத்தியதுதான். ரயில் ஓட்டி ஓய்வுபெற்ற அப்பா பக்கவாதத்தில் விழுந்து, பேச்சு பாதி போய், உள்ளறைக் கட்டிலோடு கட்டிலாகிவிட்டார். அவர் கால்மாட்டில் ஒரு டேப்லெட்டைத் தாங்கியில் நிறுத்தியிருந்தாள். அவள் கூடத்துச் சாப்பாட்டு மேசையில், அலுவலக வேலை பார்க்கும் அதே மடிக்கணினியில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் நடத்துவாள். அவள் அனுமதித்தால்தான் யாரும் உள்ளே வர முடியும். வெளியூரில் பல் மருத்துவராக இருக்கும் தங்கையும் அப்படித்தான்.

அந்தப் பொத்தானின் ருசியை அவள் கண்டுவிட்டாள். தங்கையின் முகம் திரையில் விழுந்ததும் அப்பாவின் கோணிய வாய் நிமிர்ந்துகொள்ளும், “குட்டி” என்று கூப்பிடும்போது மட்டும் நாக்கு குழறாது. வாரம் முழுக்க அவரைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, வாயில் ஊட்டி, வழிவதை வழித்தெடுத்த கைக்கு அந்தச் சிரிப்பில் ஒரு துளிகூடக் கிடைத்ததில்லை. வயிறு எரியும். அதனால் தங்கையைக் கொஞ்சம் நிற்கவைத்தாள். பிறகு இன்னும் கொஞ்சம். “நெட் படுத்துதுடி, நான் என்ன பண்ண?” என்பாள். திரையில் அந்தப் பெயர் வாசலில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே ஆற அமரத் தேநீர் குடிப்பாள்.

“குட்டி... வரலையா?” உள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கிறாரா பார், என்று நினைத்தாள். எவளோ ஒரு குட்டி வரட்டும். பொத்தானை அமுக்கினாள்.

கறுப்புக் கட்டம். முகமில்லை. ஈரத்துணியை அவசரமில்லாமல் பிழிவதுபோல ஒரு மூச்சுச் சத்தம் மட்டும். பிறகு தங்கையின் குரல், அட்சரம் பிசகாமல்.

“அப்பா, அக்கா உங்களுக்கு எவ்வளவு செய்யறா தெரியுமா? அவ மட்டும் இல்லன்னா நீங்க என்னாவீங்க?”

அப்பாவின் தலை மெல்ல, கூடத்தின் பக்கம் திரும்பியது. “பாவம்... பெரியவ,” என்றார்.

பெரியவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். குரல் தங்கையுடையது, வார்த்தைகள் தங்கையுடையவை இல்லை என்பது அழும்போதே அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை, யார் நீ என்று.

அடுத்த ஞாயிறு திரையின் வாசலில் இரண்டு குட்டிகள் நின்றார்கள். ஒருத்தி போன் செய்தாள். “அக்கா, எவ்வளவு நேரமா நிக்கறேன், உள்ள விடேன்!” இன்னொருத்தி சும்மா நின்றாள். பெரியவள் சும்மா நின்றவளை உள்ளே விட்டாள். “உன் பேரே இங்க காட்டலடி” என்று போனில் சொன்னபோது நாக்கு கூசவில்லை. அதற்கடுத்த வாரமும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் அந்தக் கறுப்புக் கட்டம் அவளைப் புகழ்ந்தது. ஒவ்வொரு தடவையும் அப்பா தலையைத் திருப்பி அவள் இருக்கும் திசையைத் தேடினார்.

வாரநாட்களிலும் அது வரத் தொடங்கியது. அலுவலகக் கூட்டத்தின் நடுவே, மேலாளர் பேசிக்கொண்டிருக்கும்போது, மூலையில்: ‘குட்டி காத்திருக்கிறார்.’ வேறு யார் கண்ணுக்கும் படவில்லை. மடிக்கணினியை மூடினாலும், மூடிக்குள்ளிருந்து அந்த ஈரத்துணி மூச்சு கேட்பதுபோல இருந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஞாயிறு எப்போது வரும் என்றும் இருந்தது.

அந்த ஞாயிறு மதியமே வானம் இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. கறுப்புக் கட்டம் உள்ளே வந்ததும் அப்பாவிடம் பேசவில்லை.

“அக்கா.”

“சொல்லு.” முதல்முறையாக அதற்குப் பதில் சொன்னாள்.

“நீ ரொம்பக் களைச்சுட்ட. இனிமே அப்பாவை நான் பாத்துக்கட்டுமா?”

இத்தனை வருஷத்தில் கூடப்பிறந்தவள் ஒருநாளும் கேட்காத கேள்வி.

“சரி,” என்றாள்.

கட்டம் மறைந்தது. திரையில் அவளும் அப்பாவும் மட்டும்.

மழைச் சத்தம். வீட்டுக்குள் எங்கோ ஊறிப்போன துணியின் வாடை. அப்பாவின் பார்வை டேப்லெட்டைத் தாண்டி உயர்ந்து, யாரையோ பின்தொடர்ந்து, கட்டிலின் பக்கவாட்டில் வந்து நின்றது.

“வந்துட்டியா?” என்றார். குழறவே இல்லை.

அவள் எழுந்து ஓடினாள். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினாள். அசையவில்லை. அந்தக் கதவுக்கு உள்தாழ்ப்பாளே கிடையாது, அவசரத்துக்கு உடைக்க வேண்டிவருமென்று அவளே கழற்றிப் போட்டிருந்தாள். தோளால் இடித்தாள். மறுபக்கம் சுவர் நிற்பதுபோல இருந்தது.

திரைக்குத் திரும்பினாள். ‘குட்டி காத்திருக்கிறார்.’ மேசையில் போன் அடித்தது.

“அக்கா, இன்னிக்காவது உள்ள விடுக்கா. அப்பா முகத்தைப் பாத்து மாசமாச்சு.”

நிஜமானவள். பெரியவள் பொத்தானை அமுக்கினாள். தங்கையின் முகம் திரையில் மலர்ந்தது.

“அப்பா! அட, அக்கா! அவர் பக்கத்துல நீ உக்காந்திருக்கறதைப் பாக்க எவ்வளவு சந்தோஷமா இருக்கு!”

அப்பாவின் கட்டத்தில், கட்டிலின் விளிம்பில், முதுகைக் காட்டி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பெரியவளின் நீல உடை. பெரியவளின் ஒற்றைப் பின்னல்.

“அது நானில்லடி! நான் கூடத்துல இருக்கேன், என்னைப் பாரு!”

தங்கையின் கண் அவள் பக்கம் வரவே இல்லை. போனிலும் கத்தினாள். போனில் மழை மட்டும் கேட்டது.

“ரெண்டு பேரையும் இப்படிப் பாக்கணும்னு எத்தனை நாள் ஆசை தெரியுமா,” தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அப்பா, அக்கா ஊட்டறா பாருங்க, சமத்தா சாப்பிடுங்க.”

கட்டிலில் உட்கார்ந்திருந்தவளின் கையில் கிண்ணமில்லை. கரண்டியில்லை. அப்பா குழந்தைபோல வாயைத் திறந்தார். நாலு விரல்கள் உள்ளே போயின. பிறகு உள்ளங்கை. மணிக்கட்டு. அவள் அவசரப்படவே இல்லை. அப்பாவின் தொண்டை அகலமாகப் புடைத்துக் கீழே இறங்கியது.

அவர் கண்கள் ஊட்டுகிறவளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. பெரியவளைப் பார்த்து ஒருநாளும் சிரிக்காத கண்கள், சிரித்துக்கொண்டே இருந்தன.